பதினோராவது பெயர்

பிட்ஸ்பர்க்கில் ஜூன் பிறந்துவிட்டால் ரெனே கோப்சாக்கால் நிம்மதியாக ஒரு கடைக்குள் நுழைந்து வர முடியாது. ரொட்டி வாங்கப் போனால் ரொட்டிக்காரர் கேட்பார். கார் டயருக்குக் காற்றடிக்கப் போனால் அங்கே நிற்பவன் கேட்பான். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வெளியே வரும்போது பாதிரியாரே கையைப் பிடித்துக்கொண்டு, “ரெனே, நான் யார்கிட்டயும் சொல்லமாட்டேன். யாரை எடுக்கப்போறாங்க?” என்று கேட்பார்.

கேள்வி ஹாமர்ஸைப் பற்றியது. ஊரின் கூடைப்பந்து அணி. ஜூன் கடைசியில் டிராஃப்ட் வரும். கல்லூரிகளிலிருந்தும் வெளிநாடுகளிலிருந்தும் புதிதாக வரும் பையன்களை, அணிகள் ஒன்றன்பின் ஒன்றாகப் பெயர் சொல்லி எடுத்துக்கொள்ளும் நாள். போன வருடம் மோசமாகத் தோற்றவர்களுக்கு முன்வரிசை, ஜெயித்தவர்களுக்குப் பின்வரிசை. ஹாமர்ஸ் பெரும்பாலும் நடுவில் எங்கேயாவது நிற்பார்கள். அதனால்தான் யூகிப்பது கஷ்டம். முதல் இரண்டு மூன்று பெயரை யார் வேண்டுமானாலும் சொல்லிவிடலாம்.

ரெனே அந்த ஊர் நாளிதழில் ஹாமர்ஸைப் பற்றி எழுதுகிறவள். டிராஃப்ட் நாள் காலையில் அவளுடைய இறுதிக் கணிப்பு வெளியாகும். சில வருடங்களாக அவள் சொன்ன முதல் பெயர் தப்பியதே இல்லை. அதற்கு மந்திரம் எதுவும் கிடையாது. ஹாமர்ஸின் ஆட்கள் குளிர்காலத்தில் எந்தக் கல்லூரி மைதானத்தில் போய் உட்கார்ந்தார்கள், எந்தப் பையனைப் பார்க்க இரண்டாம் முறை போனார்கள், மேலாளர் யாரைப் பற்றிக் கேட்டால் உற்சாகமாகப் பேசுகிறார், யாரைப் பற்றிக் கேட்டால் பேச்சை வானிலைக்கு மாற்றுகிறார் என்று பார்த்துக்கொண்டே இருப்பாள். வானிலைக்கு மாற்றினால்தான் விஷயம் இருக்கிறது என்று அர்த்தம்.

பக்கத்து மேஜை கஸ் பால்மியெரிக்கு இந்த உழைப்பெல்லாம் பிடிக்காது. அறுபது வயது, பெரிய மீசை, அதைவிடப் பெரிய குரல். அவனும் வருடாவருடம் ஒரு பெயர் சொல்வான், வருடாவருடம் தப்பும். இந்த வருடம் பந்தயம் கட்டினார்கள். தோற்றவர் பிளூம்ஃபீல்ட் பகுதித் தேவாலயத் திருவிழாவில் தண்ணீர்த் தொட்டிக்கு மேலே பலகையில் உட்கார வேண்டும். ஜனங்கள் வரிசையில் நின்று பந்தெறிவார்கள். குறியில் பட்டால் பலகை சாய்ந்து, உட்கார்ந்திருப்பவர் தொப்பென்று தண்ணீரில் விழுவார்.

“மீசைக்கு ஷாம்பு போட்டுக்கிட்டு வா, கஸ். அப்படியே அலசிடலாம்” என்றாள் ரெனே.

“நீ சிரி தாயே, சிரி. இந்தத் தடவை எனக்கு உள்ளுக்குள்ள என்னமோ சொல்லுது.”

“அது நீ மத்தியானம் தின்ன சாசேஜ்.”

ஹாமர்ஸுக்கு இந்த முறை பதினோராவது இடம். இரண்டாம் சுற்றில் முப்பத்தேழாவது. பதினொன்றில் யார் என்பதில் ரெனேவுக்குச் சந்தேகமே இல்லை. காலெப் டன்மோர். ஒன்றரை மணி நேரக் கார் தூரத்திலுள்ள யங்ஸ்டவுன் பையன். நல்ல உயரம், நீளக் கைகள். ஆனால் அவளுக்குப் பிடித்தது அவனுடைய உயரம் இல்லை. ஜனவரியில் டேட்டன் நகரக் கல்லூரி மைதானத்தில் அவன் ஆட்டத்தைப் பார்க்கப் போயிருந்தாள். பந்து கைக்கு வரும் முன்பே அடுத்து அது எங்கே போக வேண்டும் என்று அவனுக்குத் தெரிந்திருந்தது. சுற்றி நிற்கிற நாலு பேரும் அவனோடு ஆடும்போது கொஞ்சம் கெட்டிக்காரர்களாகிவிட்டார்கள். ஹாமர்ஸின் மேலாளரிடம் அவனைப் பற்றிக் கேட்டாள். “இந்த வருஷம் மழை ஜாஸ்திதான்” என்றார் அவர்.

மாதத் தொடக்கத்தில் எழுதிய முதல் கணிப்பில் டன்மோர் பெயரைப் போட்டாள். ஊரே அதைப் பிடித்துக்கொண்டது. சட்டைக் கடைகளில் அவன் பெயர் போட்ட பனியன்கூட வந்துவிட்டது.

டிராஃப்டுக்கு முந்தின வாரம், வியாழக்கிழமை காலை, ரெனே ஆற்றங்கரையில் இருந்த எலும்பு மருத்துவமனைக்குப் போனாள். குளிர்காலத்தில் பனியில் வழுக்கி விழுந்ததிலிருந்து அவளுக்கு இடது முட்டி சரியில்லை. வாரம் ஒருமுறை காலை நீட்டி மடக்கிப் பயிற்சி. அது முடிந்தபின் ஐஸ் பையை முட்டியில் கட்டிக்கொண்டு, வீக்கம் வடியும்வரை கூடத்தில் உட்கார்ந்திருப்பாள். ஹாமர்ஸின் மருத்துவப் பரிசோதனைகள் மேல்மாடியில் நடக்கும் என்பது அவளுக்குத் தெரியும். ஆனால் அன்று அதற்காக அவள் வரவில்லை.

எதிர் நாற்காலியில் ஒரு பெண்மணி இருந்தாள். ஐம்பத்தைந்து வயதிருக்கும். கறுப்பினப் பெண். ஞாயிற்றுக்கிழமைக்கு உடுத்துவதுபோல் நேர்த்தியாக உடுத்தியிருந்தாள். மடியில் கைப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு மின்தூக்கியின் கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள். கதவு திறக்கும்போதெல்லாம் பாதி எழுந்து, மறுபடி உட்கார்ந்தாள்.

“ரொம்ப நேரமா காத்திருக்கீங்களா?” என்றாள் ரெனே. வெறும் மரியாதைக்குத்தான்.

“காலைல இருந்து. ஒரு மணி நேரம்னாங்க.” அந்தப் பெண்மணி கைப்பையை இன்னும் இறுக்கிப் பிடித்தாள். பிறகு, மூடியை எடுத்த பாட்டில் மாதிரி, நிறுத்த முடியாமல் வந்தது. “இதயத்தைப் படம் எடுக்கிறாங்களாம். ஒருதரம் எடுத்தாங்க, போதலைன்னு இன்னொருதரம். இப்ப வேற யாரோ டாக்டரக் கூப்பிட்டிருக்காங்க. சுவர் ஒரு பக்கம் தடிச்சிருக்குதாம். விளையாடுற பசங்களுக்கு அப்படி இருக்கும், பயப்படாதீங்கங்கறாங்க. பயப்படாதீங்கன்னு சொல்றவ மூஞ்சியப் பாத்தா நமக்குத் தெரியாதா? எங்க அப்பா நாப்பத்தொரு வயசுல உருக்காலையில நின்ன இடத்துலயே சரிஞ்சு போனாரு. அதை நான் இவங்ககிட்ட சொல்லணுமா வேண்டாமான்னு தெரியல. சொன்னா பையனோட வாழ்க்கையே போயிடுமோ. சொல்லாம விட்டா...”

அவள் மறுபடி மின்தூக்கியைப் பார்த்தாள்.

ரெனேவுக்கு அதற்குள் புரிந்துவிட்டது. டேட்டன் மைதானத்தில் இந்த முகத்தைப் பார்த்திருக்கிறாள். மூன்றாவது வரிசை, மஞ்சள் தொப்பி. காலெப்பின் பெரியம்மா வெர்னிடா. தாய் இறந்தபின் அவனை வளர்த்தவள். பேச்சு பாதியில் இருக்கும்போதே புரிந்துவிட்டது. அப்போதே அவளை நிறுத்தியிருக்க வேண்டும். நிறுத்தவில்லை. ஏனென்று அவளுக்கே தெரியவில்லை. இத்தனை வருடப் பழக்கமோ, இல்லை அந்தக் குரலை இடைமறிக்க மனம் வராமலோ.

“சொல்லிடுங்க” என்றாள் ரெனே. “அப்பா விஷயத்த டாக்டர்கிட்ட சொல்லிடுங்க. அது அவங்களுக்குத் தெரியணும்.” பிறகு மூச்சை இழுத்துக்கொண்டு, “நான் உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். என் பேரு ரெனே கோப்சாக். பத்திரிகைல ஹாமர்ஸைப் பத்தி எழுதுறவ நான்தான்.”

வெர்னிடாவின் முகத்திலிருந்த களையெல்லாம் வடிந்துவிட்டது.

“அதை நீங்க முதல்லயே சொல்லியிருக்கணும்” என்றாள் மெதுவாக.

“ஆமா. சொல்லியிருக்கணும்.”

“இது வெளிய போச்சுன்னா, அம்மா, எவனும் அவனத் தொடமாட்டான்.”

“நான் இங்க முட்டிக்கு வைத்தியம் பாக்க வந்தவ. பத்திரிகை வேலையா வரல. நீங்க சொன்னது இந்த நாற்காலியோட நின்னுடும்.”

வெர்னிடா அவளை நம்பினாளா இல்லையா என்று தெரியவில்லை. மின்தூக்கி திறந்தது. உள்ளே தலை கூரையை இடிக்கிறாற்போல் அந்தப் பையன் நின்றான், ஒரு பழச்சாறு டப்பாவை உறிஞ்சிக்கொண்டு. “பெரியம்மா, பசிக்குது” என்றான். வெர்னிடா எழுந்தாள். “கொஞ்சம் இரு கண்ணு. நான் மேல போய் டாக்டரைப் பாத்துட்டு வந்துடறேன்” என்று சொல்லிவிட்டு, ரெனேவின் பக்கம் திரும்பாமல் உள்ளே நுழைந்தாள்.

அந்த வார இறுதி முழுக்க ரெனே தோட்டத்தில் தக்காளிச் செடிகளுக்குக் குச்சி நட்டுக்கொண்டிருந்தாள். யோசிக்க வேண்டியிருந்தால் அவளுக்குக் கைக்கு ஏதாவது வேலை வேண்டும்.

எழுதுவது என்ற பேச்சே இல்லை. ஒரு பையனின் உடம்புக்குள் இருப்பது செய்தி ஆகாது. அதில் அவளுக்குக் குழப்பமில்லை. குழப்பம் வேறு. திங்கட்கிழமை விமான நிலையத்தில் வேலை செய்யும் பழைய சிநேகிதி ஒருத்தி, மின்னசோட்டாக்காரப் பையன் லிண்ட்க்விஸ்ட்டை ஹாமர்ஸ் சத்தமில்லாமல் இரண்டாம் முறை வரவழைத்திருக்கிறார்கள் என்றாள். வேறு எந்த வருடமாக இருந்தாலும் அதை அவள் பெரிதாக எடுத்துக்கொண்டிருக்க மாட்டாள். இப்போது அதன் அர்த்தம் வெட்டவெளிச்சமாகத் தெரிந்தது. பதினொன்றில் டன்மோர் இல்லை. லிண்ட்க்விஸ்ட்.

பெயரை மாற்றினால் என்ன ஆகும் என்றும் தெரியும். ரெனே மாற்றிவிட்டாள், அவளுக்கு ஏதோ தெரிந்திருக்கிறது என்பார்கள். ஏன் என்று தோண்டுவார்கள். சாயங்காலத்துக்குள் நாட்டிலுள்ள எல்லா அணிகளும் டாக்டர்களுக்குப் போன் போட்டுக்கொண்டிருக்கும். மாற்றாவிட்டால், நடக்காது என்று தெரிந்த ஒன்றை நடக்கும் என்று வாசகர்களிடம் சொன்னதாகிவிடும். இத்தனை வருடத்தில் அவள் எத்தனையோ தப்பாக எழுதியிருக்கிறாள். தப்பென்று தெரிந்தே எழுதியதில்லை.

செவ்வாய்க்கிழமை மதியம் ஆசிரியை மேகன் ஸ்டால் மேஜைக்கு வந்து நின்றாள். முப்பத்தைந்து வயது, எப்போதும் அவசரம்.

“ரெனே, கணிப்பு ரெடியா? பதினொண்ணு மாறுதா? மாறுச்சுன்னா முகப்புல பெருசா போடலாம். நாட்டையே கலக்கிடலாம்.”

“மாறல.”

“நிச்சயமா? உங்க குரல்ல ஏதோ இருக்கே.”

“முட்டி வலி” என்றாள் ரெனே.

மேகன் போன பிறகு பழைய கட்டுரையைத் திறந்தாள். வருடாவருடம் முதல் வரி ஒன்றுதான். ‘ஹாமர்ஸ் இவரைத்தான் எடுப்பார்கள்.’ அந்த வரியை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அழித்துவிட்டு வேறொன்று எழுதினாள். ‘என் கையில் இருந்தால் பதினொன்றில் காலெப் டன்மோரை எடுப்பேன். இரண்டாவது யோசனையே இல்லாமல்.’ அது உண்மை. அதற்குக் கீழே டேட்டனில் பார்த்ததையெல்லாம் எழுதினாள். அவன் பந்தை விடும் விதம், தோற்றுக்கொண்டிருக்கும்போதும் சின்னப் பையன்களிடம் குரலை உயர்த்தாத விதம். எப்போதும் எழுதுவதைவிட நீளமாக வந்துவிட்டது. அனுப்பிவிட்டு, குளிர்ந்துபோன காபியைக் குடித்து முடித்தாள்.

டிராஃப்ட் அன்று பிளூம்ஃபீல்டில் ஒரு மதுக்கடையில் மேஜை போட்டு, கஸ்ஸும் அவளும் ஒலிவாங்கியோடு உட்கார்ந்தார்கள். பத்திரிகை சார்பில் நேரலையாகப் பேசுவது ஒவ்வொரு வருடமும் நடப்பதுதான். கடைக்குள் நிற்க இடமில்லை. கதவைத் திறந்து வைத்திருந்ததில் மாலை வெயில் தரையில் நீளமாக விழுந்திருந்தது. தட்டுதட்டாகப் பியரோகிக் கொழுக்கட்டை வந்துகொண்டிருந்தது. பாதிப் பேர் டன்மோர் பனியனில் இருந்தார்கள்.

“கஸ், உன் பெயரைச் சொல்லு” என்று யாரோ கத்தினார்கள்.

“லிண்ட்க்விஸ்ட்!” என்றான் கஸ். கடையே சிரித்தது.

ரெனே சிரிக்கவில்லை. “எதை வச்சு சொல்ற?”

“அவன் அப்பன் மீசையப் பாத்தேன் டிவியில. என் மீசை மாதிரியே. அப்படிப்பட்ட குடும்பம் கைவிடாது.”

பத்துப் பெயர்கள் போயின. டன்மோர் இன்னும் மிச்சமிருந்தான். கடையில் ஆரவாரம் எழுந்தது. தொலைக்காட்சியில், மேடைக்கு அதிகாரி ஒருவர் வந்து சீட்டைப் பிரித்தார். “பிட்ஸ்பர்க் ஹாமர்ஸ் தேர்ந்தெடுப்பது... ஸ்பென்சர் லிண்ட்க்விஸ்ட்.”

கடையே ஊளையிட்டது. கஸ் நாற்காலி மேல் ஏறி நின்று இரு கையையும் தூக்கினான். நம்ப முடியாமல் அவனுக்கே வாய் கோணியிருந்தது. ஒருவன் ரெனேவைப் பார்த்து, “என்ன ரெனே, கண்ணாடியத் துடைக்க மறந்துட்டியா?” என்றான். “துடைச்சிட்டு வர்றேன், அடுத்த வருஷம் பாரு” என்றாள் அவள். கேலிகள் வந்துகொண்டே இருந்தன. அவள் கண் திரையில் இருந்தது.

ஒவ்வொரு அணியாக வந்தார்கள். ஒருவரும் டன்மோரைச் சொல்லவில்லை. மற்ற பையன்கள் எழுந்து எழுந்து போக, டிராஃப்ட் அரங்கில் அவனைச் சுற்றி மேஜைகள் காலியாகிக்கொண்டே வந்தன. காமிரா விடாமல் அவனைக் காட்டியது. வெர்னிடா நீல உடுப்பில் பக்கத்தில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். அவன் கையின்மேல் அவள் கை. காமிராவை அவள் நேராகப் பார்த்தாள், குனியவே இல்லை. தொலைக்காட்சியில் பேசுகிறவன், “உடல்நலம் சம்பந்தமா ஏதோ கிசுகிசு இருக்கு போல” என்றான். ரெனேவின் கைபேசி அதிர்ந்தது. மேகன். ‘உங்களுக்குத் தெரியுமா?’

‘எழுதக்கூடியது எதுவும் எனக்குத் தெரியாது’ என்று பதில் போட்டாள். மேகன் கெட்டிக்காரி. அதற்குமேல் கேட்கவில்லை.

முதல் சுற்று முடிந்தது. டன்மோர் பெயர் வரவில்லை. பனியன் போட்டிருந்தவர்களில் சிலர் அதன்மேல் சட்டையைப் போட்டுப் பொத்தானை மாட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள்.

இரண்டாம் சுற்று மறுநாள் பிற்பகல். அதைப் பார்க்க எந்தக் கடையிலும் கூட்டம் சேராது. அலுவலகத்தில் சின்னத் தொலைக்காட்சி ஓடிக்கொண்டிருக்க, ரெனே லிண்ட்க்விஸ்ட்டைப் பற்றி எழுதிக்கொண்டிருந்தாள். கஸ் பொரித்த ரவியோலியை மென்றுகொண்டே வருகிறவர் போகிறவருக்கெல்லாம் தன் வெற்றியை விளக்கிக்கொண்டிருந்தான். முப்பத்தேழு வந்தது.

“காலெப் டன்மோர்” என்றது தொலைக்காட்சி. “பிட்ஸ்பர்க்.”

கஸ்ஸின் கை வாய்க்குப் பக்கத்தில் நின்றது. ரெனே விரல்களை விசைப்பலகையிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். இதை அவள் எதிர்பார்க்கவில்லை. வெறுமனே ஆசைப்பட்டிருந்தால் ஒழிய, யாரும் எதிர்பார்த்திருக்க முடியாது.

சாயங்காலம் மேலாளர் பத்திரிகையாளர்களைச் சந்தித்தார். இந்த முறை வானிலை பேசவில்லை. பையனும் பெரியம்மாவும் சம்மதித்ததால் சொல்வதாக ஆரம்பித்தார். இதயத்தில் சந்தேகத்துக்கிடமான ஒன்று தெரிகிறது. அது விளையாட்டுப் பயிற்சியால் வந்ததா, பிறவியிலேயே உள்ளதா என்று இப்போது சொல்ல முடியாது. பல மாதம் முழு ஓய்வு கொடுத்து மறுபடி பார்த்தால்தான் தெரியும். பயிற்சியால் வந்ததென்றால் ஓய்வில் குறைந்துவிடும். குறையாவிட்டால் அவன் ஆடக்கூடாது.

“குடும்பத்துல இருந்த ஒரு விஷயத்தை அவங்க பெரியம்மாவே வந்து எங்க டாக்டர்கிட்ட சொன்னாங்க” என்றார். “மறைச்சிருக்கலாம். மறைக்கல. அதனாலதான் பதினொண்ணுல எங்களால எடுக்க முடியல. அதே காரணத்துக்காகத்தான் இன்னிக்கு எடுத்தோம். காத்திருப்போம்.”

ரெனே குறிப்பெடுத்துக்கொண்டிருந்தாள். அந்த இடத்தில் பேனா நின்றது. சொல்லிடுங்க என்று அவள் சொன்ன சொல்தான் அந்தப் பையனைப் பதினொன்றிலிருந்து இறக்கியிருக்கிறது. கொஞ்ச நேரம் அது அவளுக்குக் கனமாக இருந்தது. பிறகு உருக்காலையில் நின்ற இடத்தில் சரிந்தவரை நினைத்தாள். மறுபடி எழுத ஆரம்பித்தாள்.

திருவிழா ஜூலையில் வந்தது. ரெனே சொன்ன வாக்கைக் காப்பாற்றினாள். பாதிரியாரே முதல் பந்தை எறிந்தார், அவர் குறி தப்பவில்லை. ரொட்டிக்காரர், டயர்க்காரன், முன்பின் தெரியாத குழந்தைகள் என்று எல்லோரும் எறிந்தார்கள். கஸ் ஆறு பந்து எறிந்தான். ஒன்றுகூடப் படவில்லை. கடைசியில் அவள் நடுங்கிக்கொண்டே இறங்கி வந்தபோது துண்டை நீட்டினான்.

“ஏம்மா, ‘என் கையில் இருந்தால்’னு எழுதினியே. வருஷாவருஷம் எழுதுற வரி இல்லியே அது.”

“ம்.”

“உனக்கு முன்னாடியே தெரியும்.”

ரெனே தலையைத் துவட்டினாள். “யோவ், பக்கத்துல நிக்கிற தொட்டியில பந்து படல உனக்கு. நீ என்ன குறி பாத்துப் பேசுற?”

கஸ் மீசையைத் தடவிக்கொண்டான். சிரிக்கவில்லை. “அப்ப நான் நெசமா ஜெயிக்கலியா?”

“ஜெயிச்ச, கஸ். உன் மீசையால ஜெயிச்ச. போய் எனக்கு ஒரு காபி வாங்கிட்டு வா.”

அவன் வாங்கி வந்தான். அதற்குப் பிறகு அதைப் பற்றி எதுவும் கேட்டதில்லை.

இலையுதிர் காலம் முழுக்கக் காலெப் பந்தைத் தொடவில்லை. ஆட்டம் நடக்கும் நாட்களில் கோட் போட்டுக்கொண்டு பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்து, மைதானத்திலிருந்து வருகிறவர்களுக்குத் துண்டு எடுத்துக் கொடுப்பான். எடை கூடியிருந்தது. முகம் வாடியிருந்தது. ரெனே அவனோடு இரண்டு மூன்று முறை பேசினாள். ஆட்டத்தைப் பற்றி மட்டும். நவம்பரில் மறுபடி படம் எடுத்தார்கள். தடிப்புக் குறைந்திருந்தது. இன்னும் இரண்டு ஊர் டாக்டர்களிடம் காட்டினார்கள். அவர்களும் சரி என்றார்கள். வருடத்துக்கு இருமுறை பரிசோதனை, அவ்வளவுதான். மெல்ல மெல்ல ஓட விட்டார்கள்.

பிப்ரவரியில் ஒரு செவ்வாய்க்கிழமை, வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தபோது, அவன் சீருடையில் வந்தான். ஆட்டத்துக்கு முன்னால் பத்திரிகையாளர் வரிசைக்குப் பின்னால் யாரோ வந்து நின்றார்கள். ரெனே திரும்பினாள். வெர்னிடா.

“உங்க கட்டுரைய அன்னிக்குக் காலைல அவனுக்குப் படிச்சுக் காட்டினேன்” என்றாள் வெர்னிடா. “யாரு பெரியம்மா இது, என்னப் பத்தி எனக்கே தெரியாததெல்லாம் எழுதியிருக்குன்னு கேட்டான். யாரோ பிட்ஸ்பர்க்காரம்மான்னேன்.”

“ஆஸ்பத்திரியில பாத்தத சொல்லலியா?”

“இல்ல. இனியும் சொல்றதா இல்ல.” மைதானத்தைப் பார்த்தாள். “ராத்திரி எல்லாம் உங்கமேல கோவமா இருந்தேன், தெரியுமா? டாக்டர்கிட்ட சொன்னதுக்கு அப்புறம். இவங்க ஏன் என்னச் சொல்ல வச்சாங்கன்னு.”

“இருந்திருக்கும்.”

“இப்ப இல்ல” என்றாள் வெர்னிடா. ரெனேவின் தோளை ஒருமுறை அழுத்திவிட்டுத் தன் இடத்துக்குப் போனாள்.

மூன்றாவது கால்பகுதியில் காலெப்பை இறக்கினார்கள். அரங்கம் எழுந்து நின்றது. ஆறு நிமிடம் ஆடினான். முதல் பந்தை எதிராளியின் கையில் கொடுத்தான். கிடைத்த இரண்டு இலவச வீச்சையும் தவறவிட்டான். அந்த ஆறில் கடைசி நிமிடத்தில், பார்க்காமலே, பக்கவாட்டில் ஒரு பந்தை விட்டான். அது லிண்ட்க்விஸ்ட் ஓடி வந்து சேரும் இடத்துக்குச் சரியாகப் போய்ச் சேர்ந்தது. லிண்ட்க்விஸ்ட் அதைக் கூடையில் போட்டுவிட்டுத் திரும்பி அவனைச் சுட்டிக்காட்டினான்.

ஹாமர்ஸ் அன்று தோற்றார்கள். ரெனே அதைத்தான் முதல் வரியில் எழுதினாள். இரண்டாவது வரியில் அந்தப் பந்தைப் பற்றி எழுதினாள்.